ஆஸ்ட்ரோ ரயில் ஓட்ட மூளை வேண்டாமாம்

நெட்ரன்னர் என்ற கார்டு விளையாட்டை ஆடத் தொடங்கிய நாளிலிருந்து என் காதில் விழுகிற பேச்சு ஒன்று உண்டு. ஃபாஸ்ட் அட்வான்ஸ் டெக், அதாவது எதிராளிக்கு இடம் கொடுக்காமல் ஒரே முறையில் புள்ளி எடுக்கும் கார்டுக் கட்டு வைத்து ஜெயித்தால் அது ஜெயித்த கணக்கில் சேராதாம். போன வாரம்கூட ஒருவர் தோற்ற எரிச்சலில், "இதைச் சின்னப் பிள்ளைகூட ஓட்டும்" என்று சாட்டில் தட்டிவிட்டுக் கிளம்பிப் போனார். வருடக்கணக்காக இதே டெக்கைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் நான். எனக்கும் சொல்ல நாலு வார்த்தை இருக்கிறது.

விளையாட்டு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். மேஜிக் கார்டு விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு 1996-இல் போட்டது முதல் நெட்ரன்னர். 2012-இல் லூகாஸ் லிட்ஸிங்கர் அதைத் திருத்தி அமைக்க, ஃபேன்டஸி ஃப்ளைட் நிறுவனம் வெளியிட்டது. 2018-இல் அதுவும் நின்றுபோனது. நின்ற இடத்திலிருந்து ரசிகர்களே கையில் எடுத்து, இன்று நல் சிக்னல் கேம்ஸ் என்ற பெயரில் புதுக் கார்டுகளைக் கொண்டுவருகிறார்கள். அது தனிக் கதை.

ஒருவர் கார்ப், அதாவது கார்ப்பரேஷன். மற்றவர் அதற்குள் புகுந்து திருடும் ரன்னர். கார்ப் தன் அஜெண்டாக்களை, அதாவது புள்ளி தரும் திட்டக் கார்டுகளை, முடித்து 7 புள்ளி சேர்க்க வேண்டும். அவற்றையே திருடி 7 சேர்த்தால் ரன்னர் ஜெயிக்கிறார். கார்ப்புக்கு ஒரு முறைக்கு 3 கிளிக், அதாவது மூன்று வேலை. அஜெண்டாவை மேஜையில் வைக்க ஒரு கிளிக், அதை முடிக்க அதன்மேல் வைக்கும் ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு கிளிக், ஒரு கிரெடிட் (ஆட்டக் காசு). ஆக, மூன்று டோக்கன் கேட்கிற அஜெண்டாவை ஒரே முறையில் முடிக்க முடியாது. இரண்டோடு நின்றுவிடும். ரன்னரின் முறை முடியும்வரை அது ஒரு ராத்திரி வெளியே படுத்தாக வேண்டும். ரன்னருக்கு 4 கிளிக். அந்த ராத்திரியில்தான் திருட்டு நடக்கும்.

அந்த ஒரு ராத்திரியே வேண்டாம் என்பதுதான் ஃபாஸ்ட் அட்வான்ஸ். நிச்சயதார்த்தமும் கல்யாணமும் ஒரே முகூர்த்தத்தில்.

குறைவது ஒரே ஒரு டோக்கன். அதைச் சம்பாதிக்கத்தான் மொத்த டெக்கும். பயாடிக் லேபர் 4 கிரெடிட்டை விழுங்கி இரண்டு கிளிக் தரும். சான்சான் சிட்டி கிரிட் போட்டிருக்கும் இடத்தில் அஜெண்டாவின் தேவையே ஒன்று குறையும். அப்புறம் நம்ம நாயகன், ஆஸ்ட்ரோஸ்கிரிப்ட் என்ற அஜெண்டா, சுருக்கமாக ஆஸ்ட்ரோ. ஒரு ஆஸ்ட்ரோவை முடித்தால் ஒரு டோக்கன் இனாம். அதை வைத்து அடுத்த ஆஸ்ட்ரோவைக் கையிலிருந்தே முடிக்கலாம். அது இன்னொரு டோக்கன் தரும். அதை வைத்து மூன்றாவது. ஆளுக்கு இரண்டு புள்ளி, மூன்று பெட்டி, ஆறு புள்ளி. இதற்குத்தான் ஆஸ்ட்ரோ ரயில் என்று பெயர். எதிரில் உட்கார்ந்தவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். பின்னால் ஒரு டெக்குக்கு ஒரே ஆஸ்ட்ரோதான் என்று கட்டிப்போட்டார்கள். சரியான முடிவு. அந்த விஷயத்தில் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஆனால் மூளை வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். டெக் கட்டுவதிலிருந்தே வேலை இருக்கிறது. மற்ற கார்டு விளையாட்டுகளில் டெக் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது என்பார்கள். இங்கே தலைகீழ். கார்ப் டெக் 45 கார்டாக இருந்தாலும் 49 ஆக இருந்தாலும் உள்ளே 20 அல்லது 21 புள்ளிக்கு அஜெண்டா இருந்தாக வேண்டும். அதனால் நான் எப்போதும் 49. அதே அஜெண்டா, கூட நாலு கார்டு. ரன்னர் கட்டைத் துழாவும்போது வெறுங்கையோடு திரும்ப நாலு வாய்ப்பு கூடுதல்.

ஒன்று என்ற கட்டுப்பாடு வருவதற்கு முந்தைய பழைய கணக்குப்படி அஜெண்டாக்களில் ஆஸ்ட்ரோ மூன்று, பீல் மூன்று, பிரேக்கிங் நியூஸ் மூன்று போட்டால் 15 புள்ளி. மிச்ச ஐந்துதான் தலைவலி. நாலு டோக்கன் கேட்கிற என்ஏபிடி கான்ட்ராக்ட் இரண்டு போட்டால் ரன்னர் திருடுவதற்கே 4 கிரெடிட் அழ வேண்டும், ஆனால் நம் ரயிலும் அங்கே மூச்சு வாங்கும். இதில் எதைக் கூட்ட, எதைக் குறைக்க என்று ராத்திரி ஒரு மணிக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். வீட்டில் வீட்டுக் கடன் கவலை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆடும்போது இன்னும் மோசம். பயாடிக் போட்டு ஒரு ஆஸ்ட்ரோவை முடிக்க 4-ம் 3-ம் 7 கிரெடிட். முடித்துவிட்டுப் பார்த்தால் பை காலி. காலிப் பையோடு ஐஸ் எனும் தடுப்புக் கார்டுகளைத் திறக்க முடியாது, ரன்னர் நேராக என் கையில் இருக்கும் கார்டுகளுக்குள் புகுந்துவிடுவார். கையில் இருப்பதோ மிச்ச அஜெண்டாக்கள். எப்போது முடிப்பது என்பது எவனுக்கும் தெரியும். முடிக்க எல்லாம் இருந்தும் இந்த முறை முடிக்காமல் காசு எடுப்பது எப்போது என்பதுதான் இந்த டெக். இது எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன், ஒரு தம்பியோடு ஆடும் வரை.

நெட்ரன்னர் ஆடும் இணையதளமான ஜின்டெகி டாட் நெட்டில் பழைய கார்டுகள் வைத்து ஆடிக்கொண்டிருந்தோம். எனக்கு 5 புள்ளி, அவனுக்கும் 5. என் சான்சான் திறந்து கிடக்கிறது. முன்னால் ஒரு ஐஸ்கூட இல்லை. அதை அழிக்க அவனுக்கு 5 கிரெடிட் வேண்டும், இருப்பதோ 4. ஒரே ஒரு கிளிக் காசு எடுத்திருந்தால் அடுத்த கிளிக்கில் வந்து அழித்திருக்கலாம். அவன் என்னடாவென்றால் நாலு கிளிக்கும் கார்டு எடுத்தான். பையன் தூக்கத்தில் ஆடுகிறான் என்று நினைத்தேன்.

என்னிடம் 6 கிரெடிட், கையில் ஆஸ்ட்ரோ. வைத்தேன். ஒரு டோக்கன். இன்னொரு டோக்கன். சான்சான் புண்ணியத்தில் இரண்டு போதும். முடிக்கிறேன் என்று கையைக் கொண்டுபோகும்போது அவன் பக்கம் இருந்த செல்ஃப் மாடிஃபையிங் கோட் என்ற கார்டு மறைந்தது. 2 கிரெடிட் கொடுத்துக் கட்டிலிருந்து ஒரு புரோகிராமைத் தேடி எடுத்தான், இன்னும் 2 கொடுத்து அதை இறக்கினான். கிளாட். 2015-இல் என் போன்றவர்களுக்காகவே வந்த வைரஸ். வைத்த முறையிலேயே அஜெண்டாவை முடிக்கக் கூடாது என்பதுதான் அது சொல்வது. அவன் ஏன் சரியாக 4 கிரெடிட்டில் நின்றான் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குக் கிளிக் தீர்ந்துவிட்டது. வைரஸைத் துடைக்க முழுசாக 3 கிளிக் வேண்டும். அவன் காலணா இல்லாமல் நடந்து வந்து ஆஸ்ட்ரோவை எடுத்துக்கொண்டு போனான். 7.

கிளிக் செலவில்லாமல் வைரஸைத் துடைக்க சைபர்டெக்ஸ் என்றொரு கார்டு இருக்கிறது. முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் அந்த நிமிஷமே 3 கிரெடிட் கொடுத்துத் திறந்து கிளாட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். அது டெக்கில் ஒன்றுதான் இருந்தது. கையிலேயே இருந்தது. முந்தைய முறை அதை வைக்காமல், ஒரு கிரெடிட்டுக்கு ஆசைப்பட்டுக் காசு எடுத்தேன்.

ஆட்டம் முடிந்ததும் அவன் தட்டியது இவ்வளவுதான்: "அண்ணே, நீங்க அவசரப்படுவீங்கன்னு தெரியும்ணே. அதான் கார்டு எடுத்தேன்."