பிஎச்டி மட்டும் சிறப்பு மருத்துவராக்காது

அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்லூரியில் பிஎச்டி முடித்தாலே ஆர்த்தோடான்டிஸ்டாகவும் (பல் வரிசையைச் சீரமைக்கும் சிறப்பு மருத்துவர்) ஆகிவிடலாம், தனியாக ரெசிடென்சி (சிறப்பு மருத்துவப் பயிற்சி) வேண்டாம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிரவும் செய்திருக்கிறீர்கள். மன்னிக்கவும், அது சரியல்ல.

அங்கே சில கல்லூரிகள் இரண்டையும் சேர்த்துத் தருவது உண்மைதான். ஹார்வர்டில் சிறப்புப் பயிற்சியோடு டிஎம்எஸ்சி (மருத்துவ அறிவியல் முனைவர்) ஆய்வுப் பட்டத்தையும் சேர்த்துப் படிக்கலாம். ஆனால் சேர்ந்து நடப்பதால் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகிவிடாது. பல் சீரமைப்புக்கு, கோடா (அங்கே பல் மருத்துவப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகரித்த மருத்துவப் பயிற்சி குறைந்தது 24 மாதம். ஆய்வகத்தில் எத்தனை வருடம் இருந்தாலும் அது தள்ளுபடி ஆகாது. (சேர்த்துப் படிப்பவர்களுக்குக் காலம் இவ்வளவு நீள்வதே அதனால்தான்.) பிஎச்டியை கோடா அங்கீகரிப்பதும் இல்லை.

சரிபார்ப்பது எளிது. கோடா இணையதளத்தில் திட்டங்களைத் தேடும் பக்கம் இருக்கிறது. கல்லூரியின் பெயரைப் போட்டு, அந்தச் சிறப்புத் துறை பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். பிறகு கல்லூரியின் சொந்தப் பக்கத்தில், முடிவில் சிறப்புப் பயிற்சிச் சான்றிதழ் தருகிறார்களா, பட்டம் மட்டும்தானா என்று படியுங்கள். பட்டியலில் இல்லாமல், பட்டம் மட்டும் என்றிருந்தால் அது சிறப்பு மருத்துவராக்கும் பயிற்சி அல்ல, அவ்வளவுதான்.