சிறு விமானங்களுக்கு வானில் வழி வேண்டும்

பெரிய விமான நிலையங்களின் பக்கமே சிறு விமானங்களை விடக்கூடாது என்று வாதிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் பெற்று ஒற்றை எஞ்சின் செஸ்னா ஓட்டுபவன் நான். இந்த வாதத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. தடுத்து நிறுத்துவதால் ஆபத்து ஒழிவதில்லை, இடம்தான் மாறுகிறது.

நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற பெருநிலையங்களைச் சுற்றியிருப்பது பி வகுப்பு வான்வெளி. விமானிகள் 'பிராவோ' என்பார்கள். கொலுப்படியைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற அமைப்பு. நிலையத்தின் அருகே தரைவரை இருக்கும், விலகிப் போகப்போக அதன் அடித்தளம் உயரும். தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர் அனுமதித்தால்தான் உள்ளே போகலாம். அவருக்கு வேலைப்பளு என்றால் மறுத்துவிடலாம். ஒருமுறை ஒரு பெருநகரின் ஓரத்தில் எனக்கும் "பிராவோவுக்கு வெளியே இருங்கள்" என்ற பதில்தான் வந்தது. அடித்தளத்துக்குக் கீழே, கூரைகளுக்கு மேல் ஆயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில் சுற்றிக்கொண்டு போனேன். அந்த உயரத்தில் எஞ்சின் நின்றால் செஸ்னா 172 ஏறக்குறைய ஒன்றரைக் கடல் மைல்தான் மிதந்து போகும். கீழே வீடுகள், நெடுஞ்சாலை, மின்கம்பிகள். இறங்க ஒரு காலியிடம் கண்ணில் படவில்லை. இதையா பாதுகாப்பு என்கிறோம்?

எதிர்த்தரப்பு எப்போதும் செரிட்டோஸ் விபத்தைச் சுட்டிக்காட்டும். 1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் அனுமதியின்றி நுழைந்த ஒரு சிறிய பைப்பர் விமானம், ஏரோமெக்சிகோ பயணிகள் விமானத்தோடு மோதியது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 82 பேர் இறந்தார்கள். பைப்பர் விமானி நுழைந்தது தவறுதான், அதில் மறுபேச்சில்லை. ஆனால் அந்த விமானத்தில் உயரத்தை அறிவிக்கும் கருவி இல்லை. விசாரணை வாரியமும் மோதலைத் தடுக்க இயலாத கட்டுப்பாட்டு முறையின் குறைகளைத்தான் முதன்மைக் காரணமாகச் சொன்னது. அதன்பின் பெருநிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் உயரம் அறிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கட்டாயமானது. 2020 ஜனவரி 1 முதல் இருப்பிடத்தை ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவியும் கட்டாயம். ஆயிரக்கணக்கான டாலர் செலவழித்து அதையும் பொருத்திவிட்டோம். எங்கே, எந்த உயரத்தில் பறக்கிறோம் என்பது இன்று கட்டுப்பாட்டாளரின் திரையில் தெரிகிறது. பிறகும் ஏன் பழைய மறுப்பு?

வழிவிட முடியும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸே சாட்சி. அந்தப் பெருநிலையத்தின் ஓடுபாதைகளுக்கு நேர் மேலே ஒரு தனிப்பாதை இருக்கிறது. தென்கிழக்கே போனால் 3,500 அடி, வடமேற்கே போனால் 4,500 அடி. வேகம் மணிக்கு 140 கடல் மைலைத் தாண்டக்கூடாது, விளக்குகள் எரிய வேண்டும், டிரான்ஸ்பாண்டரில் 1201 என்ற குறியீட்டை வைக்க வேண்டும். இவ்வளவையும் கடைப்பிடித்தால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கட்டுப்பாட்டாளருக்கும் கூடுதல் சுமை இல்லை.

நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றுக்கு மேலே உள்ள வான்பாதை இரத்தம் சிந்திக் கற்ற பாடம். 2009 ஆகஸ்ட் 8 அன்று அங்கே ஒரு பைப்பரும் சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி 9 பேர் இறந்தார்கள். பாதையை மூடு என்று குரல்கள் எழுந்தன. மூடவில்லை. அதுவரை பரிந்துரையாக இருந்தவற்றை அதே ஆண்டு நவம்பரில் விதியாக்கினார்கள். வடக்கே போகிறவர் கிழக்குக் கரையோரம், தெற்கே போகிறவர் மேற்குக் கரையோரம். கடந்து மட்டும் செல்பவர்களுக்கு 1,000 முதல் 1,300 அடிக்குள். "ஆல்பைன் டவர், செஸ்னா, தெற்கு நோக்கி, 1,100 அடி" என்று ஒவ்வொரு அடையாளத்திலும் எல்லோரும் ஒரே அலைவரிசையில் அறிவிக்க வேண்டும். அடுத்து ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், அதன்பின் இன்ட்ரெபிட் கப்பல். கேட்டாலே யார் எங்கே என்று மனதில் படம் விழுந்துவிடும்.

பக்கத்து ஈஸ்ட் ரிவர் பாதையோ முட்டுச்சந்து. வடக்கே பிராவோ சுவர், திரும்பியே ஆக வேண்டும். 2006 அக்டோபரில் பேஸ்பால் வீரர் கோரி லைடிலும் பயிற்றுநரும் அங்கே திரும்பும்போது கட்டடத்தில் மோதி இறந்தார்கள். விமானியின் கணிப்புப் பிழை என்றது விசாரணை. அப்படி ஒரு முட்டுச்சந்தை வரைந்து வைத்ததும் பிழை என்பேன்.

எல்லாப் பிராவோவிலும் இப்படி வரைபடத்தில் குறித்த, திசைக்கொரு உயரம் கொண்ட, நுழைவும் வெளியேற்றமும் தெளிவான பாதை வேண்டும். ஒரு கட்டுப்பாட்டாளரின் அந்த நேரத்து வேலைப்பளுவை நம்பி அது இருக்கக்கூடாது. பிராவோ எல்லையை மாற்றும் முன் விமானப் போக்குவரத்து நிர்வாகம் கூட்டம் நடத்திக் கருத்துக் கேட்கிறது. இங்கே பறக்கும் தமிழ் நண்பர்களே, உங்கள் ஊரில் அப்படி அறிவிப்பு வந்தால் தவறாமல் எழுதுங்கள். எந்த இடத்தில், எந்த உயரத்துக்குக் கீழே தள்ளப்பட்டீர்கள், கீழே என்ன இருந்தது என்பதையும் குறிப்பிடுங்கள்.