பொத்தானுக்கே தீர்ந்துபோகும் கவனம்

கை கால் அசைவு ஒழுங்குபடாத பிள்ளைகளுக்கு (வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் கோளாறு, ஆங்கிலத்தில் DCD) கவனம், திட்டமிடுதல் இவற்றிலும் சிக்கல் வரலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எங்கள் வீட்டுக் கதையே அதுதான். மன்னார்குடிப் பக்கம் கிராமம். பையனுக்கு ஒன்பது வயது.

கரும்பலகையில் இருக்கும் கணக்கைப் பார்த்து எழுதும்போது பக்கத்தில் இருந்து கவனித்தேன். 'ஞ' போடப் பென்சிலை அழுத்துகிற அழுத்தில் தாளில் ஓட்டை விழும். தலை நிமிர்ந்தால் எந்த வரி என்பதே மறந்திருக்கும். அதே கணக்கை வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் பட்டென்று விடை வரும்! இருக்கிற கவனமெல்லாம் விரலுக்கே செலவாகிவிடுகிறது என்று நினைத்தேன். அது மட்டும் இல்லையாம். இந்தச் சிரமம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கவனக்குறைபாடும் சேர்ந்தே இருக்கிறதாம்.

நூற்றில் 5, 6 பிள்ளைகளுக்கு இந்த அசைவுச் சிரமம் உண்டு. அப்படியென்றால் 40 பேர் வகுப்பில் இரண்டு பேர். ஆனால் பள்ளியில் சொன்னது, "சோம்பேறி, கையெழுத்துப் பயிற்சி நோட்டு வாங்கிக் கொடுங்க." (வாங்கினோம், மூன்று நோட்டு.)

அப்புறம் தஞ்சாவூரில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) ஒருவரிடம் காட்டினோம். எதைச் செய்வதானாலும் என்ன செய்யப்போகிறேன், எப்படி என்று முதலில் அவனே வாயால் சொல்ல வேண்டும். செய்துவிட்டுச் சரியாக வந்ததா என்று அவனே பார்க்க வேண்டும் என்றார். இப்போது சட்டையைக் கீழ்ப் பொத்தானில் இருந்து போடுகிறான். "அடிப்பொத்தான், அடுத்தது..." என்று முணுமுணுத்துக்கொண்டே. பள்ளி வேனும் முன்போல ஹாரன் அடிப்பதில்லை.