டிரம்புல் ஜெயித்த கணக்கு

1855 அமெரிக்க செனட் (நாடாளுமன்ற மேலவை) தேர்தலில் லைமன் டிரம்புல், பின்னாளில் அதிபரான ஆபிரகாம் லிங்கனைத் 'தோற்கடித்தார்' என்று சொல்வது பாதி உண்மைதான். அன்று செனட்டரைத் தேர்ந்தெடுத்தது இல்லினாய் மாநிலச் சட்டமன்றம், மக்கள் அல்ல. முதல் சுற்றில் டிரம்புலுக்கு வெறும் 5 ஓட்டு. லிங்கனுக்கு 40க்கு மேல். ஆனால் அந்த ஐவரும் அடிமைமுறைப் பரவலை எதிர்த்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள். லிங்கன் அப்போது இருந்தது போட்டிக் கட்சியான விக் கட்சியில். விக் கட்சிக்காரருக்குப் போட மாட்டோம் என்று அவர்கள் அசையவே இல்லை. எதிரணியின் வேட்பாளரான மாநில ஆளுநர் மேட்டசன் ஜெயித்துவிடுவார் என்றானதும் லிங்கனே தன் ஆட்களை டிரம்புல் பக்கம் திருப்பிவிட்டார். 10வது சுற்றில் 51 ஓட்டு, கதை முடிந்தது.

இன்னொன்று: டிரம்புல் கொண்டுவந்த 1866 குடிமை உரிமைகள் மசோதா மீதான அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனின் வீட்டோ (மறுப்பாணை), செனட்டில் 33-15 என்றுதான் முறிந்தது. மூன்றில் இரண்டு பங்குக்குத் தேவை 32! அதே ஜான்சனை 1868இல் பதவிநீக்கத்திலிருந்து காப்பாற்றிய 7 குடியரசுக் கட்சியினரில் டிரம்புலும் ஒருவர்.