பிந்தினது 9 மாதமா, 15 வருசமா?

ஊரிலிருந்து வந்திருந்த மாமியைப் போன கோடையில் ஒரு பின்னேரம் கிழக்கு லண்டனில் கிறீன்வே நடைபாதை வழியாக நடக்கக் கூட்டிப் போனேன். ஈஸ்ட்ஹாமில் ஏறி, பிளெய்ஸ்டோ தாண்டி, வெஸ்ட்ஹாம் பக்கம் வர, மரங்களுக்கு மேலால் ஒரு கூம்பு தெரிந்தது. கிட்டப் போனால் வளைவு ஜன்னல்கள், வண்ணக் கற்கள், செதுக்கு வேலை. மாமி தன்னையறியாமல் நெஞ்சில் கை வைத்துவிட்டா.

"என்ன சேர்ச் தம்பி இது?"

"சேர்ச் இல்லை மாமி. கக்கூஸ் தண்ணி இறைக்கிற இடம்."

பகிடி என்று நினைத்துச் சிரித்தா. நாங்கள் அவ்வளவு நேரமும் நடந்து வந்ததே லண்டன் கழிவு போகிற குழாயின் முதுகில்தான் என்று சொன்ன பிறகு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தா.

அது அபி மில்ஸ் நீரேற்று நிலையம். 1868இல் திறந்தது. லண்டனுக்குப் பாதாளச் சாக்கடை போட்ட ஜோசப் பசல்ஜெட்டின் வேலை. மேற்கே அக்டனில் தொடங்கி ஆற்றுக்கு அடியால் 25 கிலோமீட்டர் வருகிற புதிய தேம்ஸ் டைட்வே கழிவுச் சுரங்கம் வந்து முடிவதும் அதே வளவுக்குள்தான். அந்தச் சுரங்கத்தைப் பற்றி எங்கள் ஆட்கள் கதைக்கிற கதைக்குத்தான் இந்தப் பதிவு.

பிறந்தநாள் வீடு, சாமத்திய வீடு, எங்கே போனாலும் இதே கதைதான். "லண்டனாம் லண்டன். ஒரு கக்கூஸ் குழாய் போட இவங்களுக்கு இவ்வளவு காலம். அதுக்குள்ள கொரோனா எண்டு சாட்டு வேற." நானும் இப்படிக் கதைத்தவன்தான், மறைக்கத் தேவையில்லை. தண்ணீர்ப் பில்லில் இதற்கும் சேர்த்து அறவிடுகிறார்கள் என்று தெரிந்த நாளில் இன்னும் கூடக் கதைத்தேன்.

பிறகு ஒரு நாள் ஆண்டுகளை எழுதி வைத்துப் பார்த்தேன். கோபம் போகவில்லை, ஆனால் இடம் மாறிவிட்டது.

விசயம் இதுதான். லண்டனின் பழைய பகுதிகளில் மழைத் தண்ணிக்கும் கக்கூஸ் தண்ணிக்கும் ஒரே குழாய். மழை பலத்தால் குழாய் நிரம்பும். நிரம்பினால் ஒன்றில் எங்கள் வீட்டுக்குள்ளால் மேலே வரவேண்டும், இல்லாவிட்டால் ஆற்றுக்குள் போகவேண்டும். பசல்ஜெட் ஆற்றுப் பக்கம் வாய்கள் வைத்தார். அவர் கணக்குப் போட்டது 4 மில்லியன் சனத்துக்கு. இன்றைக்கு 9 மில்லியன் அளவில் இருக்கிறோம். எப்போதாவது ஒருமுறை திறக்கவேண்டிய வாய்கள் சராசரியாகக் கிழமைக்கு ஒருமுறை திறந்தன. ஒரு சாதாரண வருசத்தில் 39 மில்லியன் டன் தேம்ஸுக்குள் போனது. புதிய சுரங்கம் அந்த வாய்களில் மிக மோசமான 34ஐப் பிடித்து, வருவதில் பெரும்பகுதியை 7.2 மீட்டர் அகலக் குழாய்க்குள் விட்டுக் கிழக்கே கொண்டுபோகிறது. மோட்டரும் தேவையில்லை. அக்டனில் 30 மீட்டர் ஆழத்தில் தொடங்கி இங்கே வரும்போது 60ஐத் தாண்டிவிடும். அந்தச் சரிவிலேயே ஓடி வரும்.

இனி அந்த ஆண்டுகள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக வேலை நின்றது. நிலத்துக்குக் கீழே ஒரே கூண்டில் நெருங்கி நின்று இறங்குகிறவர்களை இரண்டு மீட்டர் தள்ளி நில் என்று எப்படிச் சொல்வது? ஓகஸ்டில் கணக்குச் சொன்னார்கள்: 9 மாதம் பிந்தும், 233 மில்லியன் பவுண்ஸ் கூடும், 2025இன் முதல் பாதியில் முடியும். 2022 ஏப்ரலில் தோண்டி முடித்தார்கள். 2025 பெப்ரவரியில் எல்லா இணைப்புகளும் திறந்தாயிற்று. சொன்ன தவணைக்குள்தான்.

ஆனால் இந்தச் சுரங்கம் வேண்டுமா என்று ஆராய ஒரு குழு உட்கார்ந்தது 2000ஆம் ஆண்டளவில். அறிக்கை வந்தது 2005. அரசாங்கம் தலையாட்டியது 2007. லண்டனின் கழிவு ஒழுங்காகக் கையாளப்படவில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2012. அனுமதி 2014. வேலையைச் செய்யும் கம்பனிக்கு உரிமம் 2015. வேலை தொடங்கியது 2016.

15 வருசம். அதற்குள் ஒரு மண்வெட்டி விழவில்லை. அந்த நேரத்தில் எந்தக் கலியாண வீட்டிலும் ஒருவரும் இதைப் பற்றிக் கதைக்கவும் இல்லை, ஏனென்றால் பார்க்க ஒன்றுமில்லை. வேலி அடித்து, கிரேன் நட்டு, தெருவை மறித்தால்தான் எங்களுக்குத் தாமதம் கண்ணில் படும். ஃபைல் மேசை மேசையாக அலைவதற்கு யார் படம் எடுத்துப் போடுவார்கள்? வருசத்துக்கு 39 மில்லியன் என்றால் 15 வருசத்துக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். எனக்கு 500 மில்லியன் டன்னுக்கு மேலே வந்தது.

காசிலும் இதே கதைதான். 2004இல் 1.7 பில்லியன் என்றார்கள். 2011இல் 4.1 பில்லியன். இடையில் திட்டமும் மாறியது, விலைவாசியும் மாறியது, அது உண்மை. என்றாலும் கடதாசியிலேயே 2.4 பில்லியன் ஏறியபோது பேசாமல் இருந்த வாய்கள், கொரோனாவின் 233 மில்லியனுக்குக் குதித்தன. என் வாயும் அதில் ஒன்று.

எங்கள் ஊர் வீட்டில் ஒரு சங்கதி. பக்கத்து வளவுக்காரர் எங்கள் கிணற்றுக்குக் கிட்டக் கக்கூஸ் கிடங்கு வெட்டினார். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் தெரியும்தானே, மேலே ஊற்றுவது கீழே போய்ச் சேரும். அப்பா விதானையாரிடம் போனார், பிறகு எங்கெங்கோ போனார். வருவார்கள், நாடா பிடித்து அளப்பார்கள், எழுதிக்கொண்டு போவார்கள். இரு பக்கமும் நியாயம் இருந்தது. அந்த மனிசனுக்கும் வேறு மூலை இல்லை. அந்த அளவெல்லாம் அளந்து முடியும் வரைக்கும் நாங்கள் அந்தத் தண்ணியைத்தான் குடித்தோம். அம்மா காய்ச்சித் தருவா. காய்ச்சினாலும் அப்பா முதல் வாய் குடிக்கும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்போம்.

சுரங்கத்தை எதிர்த்தவர்கள் எல்லாம் விசர் ஆட்கள் என்று நான் சொல்லவரவில்லை. அந்த ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய கிறிஸ் பின்னி என்ற பொறியியலாளரே பிறகு மாறி, இவ்வளவு பெரிய சுரங்கம் தேவையில்லை என்று வாதாடினார். மழைத் தண்ணியை மண்ணுக்குள்ளேயே இறங்க விடலாமே என்ற வாதத்தில் எனக்கும் பிடிப்பு உண்டு. முன் வளவையெல்லாம் கொங்கிறீற் போட்டுக் கார் விடுகிற எங்கள் தெருவைப் பார்த்தால் உங்களுக்கும் வரும். என் கேள்வி வேறு: யோசிக்கிற ஒவ்வொரு வருசத்துக்கும் ஆறு எவ்வளவு குடிக்கும் என்பதை அந்த அறிக்கைகளின் செலவுப் பக்கத்தில் ஏன் எழுதவில்லை?

பசல்ஜெட் காலத்திலும் இதேதான். கழிவை எந்த இடத்தில் ஆற்றில் விடுவது என்று இழுபறிப்பட்டு அவர் வரைபடங்கள் திரும்பத் திரும்ப வந்தன. 1858 கோடையில் ஆறு நாறத் தொடங்கியது. பாராளுமன்றத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டில் நனைத்துத் தொங்கவிட்டும் உள்ளே இருக்க முடியவில்லை. சட்டம் 18 நாளில் நிறைவேறியது! கொலராவில் ஆயிரக்கணக்கில் சனம் செத்தபோது வராத அவசரம்.

அப்படிக் கட்டியும் கழிவைக் கிழக்கே தள்ளினதுதான் மிச்சம். எங்கள் பெக்டன் பக்கத்தில் அப்படியே ஆற்றில் விட்டார்கள். 1878இல் 'பிரின்சஸ் அலிஸ்' என்ற உல்லாசக் கப்பல் அந்தக் கழிவு திறந்துவிட்ட நேரம் பார்த்து அங்கே மோதி மூழ்கி, 600 பேருக்கு மேல் செத்தார்கள். அதன் பிறகுதான் சுத்திகரிப்புப் பற்றி யோசித்தார்கள். இன்றைக்கும் புதிய சுரங்கத்தில் வருவது பெக்டனுக்குத்தான் போகிறது, நல்ல காலம், இப்போது சுத்திகரிக்க.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 9 மாதம் சின்னது என்று நான் சொல்வது ஈஸ்ட்ஹாமில் இருந்துகொண்டு. பேர்மண்ட்சியில் சுரங்கம் தோண்டின சேம்பர்ஸ் வோர்ஃப் தளத்துக்குப் பக்கத்து வீடுகளில் இருந்தவர்களுக்கு அது வருசக்கணக்காக இரவும் பகலும் கேட்ட இரைச்சலில் இன்னும் 9 மாதம். அவர்களிடம் போய்ச் சிக்காகோவைப் பார் என்று சொன்னால் அடிதான் விழும். (சிக்காகோவில் இதே வேலையை 1975இல் தொடங்கினார்கள். சுரங்கங்களை முடிக்கவே 2006 ஆனது. கடைசி நீர்த்தேக்கத்தின் மிச்சப் பகுதி இன்னும் முடியவில்லை.)

மாமி ஊருக்குப் போய்விட்டா. போன கிழமை இங்கே பேய் மழை. அந்த நேரம் பார்த்து வட்ஸப்பில் எடுத்தா. சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"என்ன தம்பி, அங்க மழையோ?"

"ஓம் மாமி, கொட்டுது."

"அப்ப உங்கட சேர்ச்சிலை இண்டைக்குப் பூசை எண்டு சொல்லுங்கோ."