பிள்ளையின் முதல் மேட்ச் ஐபிஎல்லாக வேண்டாம்

ஐபிஎல் டிக்கெட் விற்பனை தொடங்கிவிட்டால் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "ஆறு வயசாகுது, சேப்பாக்கத்துக்குக் கூட்டிட்டுப் போகலாமா?" போகலாம். ஆனால் மைதானத்தில் அந்தப் பிள்ளை பார்க்கும் முதல் ஆட்டமாக அது இருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடிகாரத்தைப் பாருங்கள். இரவு ஆட்டம் 7.30க்குத் தொடங்கி, முடிய 11.15 தாண்டும். ஆறு வயதுக் குழந்தைக்கு ஒன்பதரைக்கே கண் சொக்கும். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் மடியில் தூங்கிவிடும். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முப்பதாயிரம் பேரோடு படி இறங்க வேண்டும். சத்தம் அதைவிடப் பெரிய விஷயம். 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும்; 100 டெசிபலில் சுமார் 20 நிமிடம்தான். இது பெரியவர்களுக்கான கணக்கு, குழந்தைகளுக்கு 75இலிருந்தே தொடங்குகிறது. பக்கத்து சீட்டில் ஒருவர் காதருகே விசில் ஊதினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

முதல் ஆட்டத்துக்கு என் தேர்வு ஹாக்கி. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் சிறியது. எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டக்காரர்கள் கூப்பிட்டுக்கொள்வது கேட்கும். நீலத் தரையில் மஞ்சள் பந்து ஓடுவதால் சின்னக் கண்ணும் தொடர முடியும். சர்வதேச ஆட்டம் 15 நிமிடம் வீதம் நான்கு பகுதி, நடுவில் 10 நிமிட இடைவேளை. ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். 2023 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப் போட்டியில் 1-3 எனப் பின்தங்கிய இந்தியா 4-3 என மலேசியாவை வென்றது இங்கேதான். 2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது நுழைவு இலவசம். விதியெல்லாம் பாடமாக நடத்தாதீர்கள். பெனால்டி கார்னர், அதாவது தடுக்கும் அணியின் தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு, வந்தால் மட்டும் சொல்லுங்கள்: "கோல்கீப்பரோட சேர்த்து அஞ்சு பேர்தான் தடுக்கணும்." அது போதும்.

கிரிக்கெட்தான் வேண்டும் என்றால் மாநில அணிகள் மோதும் ரஞ்சி. 1934இல் முதல் ரஞ்சி ஆட்டமே சேப்பாக்கத்தில்தான் நடந்தது. மெட்ராஸ் மைசூரை ஒரே நாளில் வென்றது. இன்றும் ரஞ்சிக்குப் பெரும்பாலும் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை, திறந்திருக்கும் ஸ்டாண்டில் இடமும் தாராளம். காலை 9.30க்குப் போய், 11.30 உணவு இடைவேளையில் கிளம்பிவிடுங்கள். இரண்டு மணி நேரம் ஒரு குழந்தைக்கு நிறைய. மட்டையில் பந்து படும் சத்தம் டிவியில் கேட்பதுபோல இருக்காது. ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து ஃபோரை மட்டும் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள், பிள்ளை செல்போன் கேட்காது.

இந்த இரண்டும் பழகிய பிறகு, எட்டு ஒன்பது வயதில், ஐபிஎல். அப்போதும் 3.30 மணி ஆட்டம் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஆனால் பகல் ஆட்டத்தில் கிழக்குப் பக்க ஸ்டாண்டில் சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடிக்கும். மேற்குப் பக்கம் எடுங்கள். கீழ்த்தட்டில் சரிவு குறைவு, முன்னால் இருப்பவர் எழுந்தால் பிள்ளைக்கு முதுகுதான் தெரியும். மேல்தட்டில் செங்குத்து அதிகம், அதனால் பார்வை தேவலை. அங்கேயும் முதல் வரிசை வேண்டாம். கைப்பிடிக் கம்பி சரியாகக் குழந்தையின் கண் மட்டத்தில் நிற்கும். நான்காவது வரிசைக்கு மேல், நடைபாதை ஓர சீட்.

வீட்டுச் சாப்பாடும் தண்ணீர் பாட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். இரவு ஆட்டம் என்றால் ஐந்தரைக்கே இட்லியோ தயிர்சாதமோ வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். கழிப்பறைக்கு இன்னிங்ஸ் இடைவேளையில் போனால் வரிசை வெளியே வரை நிற்கும். 11, 12ஆவது ஓவரில் போங்கள். காதில் பஞ்சு வைத்தால் சத்தம் பெரிதாகக் குறையாது. தலையைச் சுற்றி மாட்டும் காதுக் கவசம் வாங்குங்கள், ஸ்பீக்கரிலிருந்து தள்ளி உட்காருங்கள்.

பேனாவால் கையில் போன் நம்பர் எழுதினால் சென்னை வியர்வையில் அரை மணியில் அழிந்துவிடும். தாளில் எழுதி, பாக்கெட்டுக்குள் பின் குத்திவிடுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் அன்றைய சட்டையோடு ஒரு போட்டோ எடுங்கள். தொலைந்தால் போலீஸிடம் நிறத்தைச் சொல்லத் தடுமாற வேண்டாம். கூட்டத்தில் போன் சரியாகக் கிடைக்காது. அதனால் உள்ளே போனதும் உங்கள் ஸ்டாண்ட் எழுத்துப் பலகையைக் காட்டி, "காணாமப் போனா இங்கயே நில்லு, எங்கயும் தேடிப் போகாத" என்று இரண்டு முறை சொல்ல வைத்துக் கேளுங்கள்.

வெளியேறுவது இரண்டாவது இன்னிங்ஸின் 18ஆவது ஓவரில், அல்லது ஆட்டம் முடிந்து இருபத்தைந்து நிமிடம் சீட்டிலேயே உட்கார்ந்த பிறகு. இரண்டுக்கும் நடுவில் படியில் கால் வைக்காதீர்கள். நெரிசலில் தோளில் ஏற்றினால் நீங்கள் சாயும்போது பிள்ளை தலைகுப்புற விழும். மார்போடு அணைத்துத் தூக்குங்கள், கூட்டத்தை எதிர்க்காமல் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள்.

கோப்பை வென்ற கொண்டாட்டத்துக்கு மட்டும் குழந்தையைக் கூட்டிப் போகவே போகாதீர்கள். அங்கே சீட் எண் கிடையாது, எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு கொண்டாட்டத்தில்தான் 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் 11 பேர் இறந்தார்கள். அவர்களில் பள்ளிச் சிறுமியும் உண்டு. அவர்கள் ஆட்டம் பார்க்கக்கூடப் போகவில்லை.