தொண்டையில் துளை போட்டால் வாழ்நாள் முழுக்கக் குழாய்தானா?

"ஐசியுவில் தொண்டையில் துளை போட்டுவிட்டால் அவ்வளவுதான், ஆள் இனி பேசமாட்டார், பிழைக்கவும் மாட்டார்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. இதை நம்பி, சம்மதம் கேட்கும்போதே குடும்பங்கள் நடுங்கிப்போகின்றன.

தொண்டையில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைக்கும் இந்தச் சிகிச்சைக்கு டிரக்கியாஸ்டமி என்று பெயர். இது பெரும்பாலும் தற்காலிக ஏற்பாடுதான். வாய்வழிக் குழாயோடு நாள்கணக்கில் வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மயக்க மருந்தைக் குறைக்கவும், சளியை எடுக்கவும் இது உதவுகிறது. அவர் தானாக மூச்சுவிட்டு, நன்றாக இருமத் தொடங்கியதும் குழாயை எடுத்துவிடலாம். துளை பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ தானே மூடிக்கொள்ளும். சரி, பேச்சு? குழாய் குரல்நாண்களுக்குக் கீழே இருக்கிறது. காற்று மேலே போகாததால்தான் குரல் வருவதில்லை. காற்றை மேலே போகவைக்கும் பேச்சு வால்வு பொருத்தினால் குழாயோடே பேசுபவர்கள் உண்டு.

அதற்காக எல்லாரும் பழையபடி எழுந்துவிடுவார்கள் என்று சொல்வதும் நேர்மையல்ல. 2013இல் வெளியான பிரிட்டனின் டிராக்மேன் ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த சுமார் 900 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 4 நாட்களுக்குள் துளை. இன்னொன்றுக்கு 10 நாட்கள் கழித்து, அப்போதும் தேவைப்பட்டால் மட்டும். இரண்டாம் பிரிவில் பாதிப்பேருக்குக்கூட துளை போடப்படவில்லை. ஆனாலும் இரண்டு ஆண்டுகளில் இரு பிரிவிலும் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்திருந்தார்கள். அதாவது, உயிரைத் தீர்மானித்தது துளை அல்ல. வயதும் அடிப்படை நோயும்தான் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன.

தப்பியவர்களில் பலருக்குத் தசை பலவீனமும் விழுங்குவதில் சிரமமும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். எனவே மருத்துவரிடம் "குழாயை எப்போது எடுப்பீர்கள்?" என்பதோடு, "வீட்டுக்கு வந்தபின் எப்படி இருப்பார்?" என்றும் கேளுங்கள்.